திருத்துவதும் ஒரு தொண்டு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தொண்டு என்றதும் கோயில் வீதியைக் கூட்டுவதும், திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நல்ல தொண்டுகளே. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே, உயிரியல் பயிலும் மாணவர்களாகிய நாங்கள் இம்மேடைக்கு வந்திருக்கின்றோம். ஊரார் படிக்கும் அறிவிலே பிழை புகாமற் காப்பதே அத்தொண்டு.

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தை அறியாத மாணவர் இன்று அரியர். ஆங்கிலத்தில் அது 2001-ம் ஆண்டு தொடங்கிற்று. தமிழில் 2003-ம் ஆண்டு தொடங்கியபோது அதற்கு அடித்தளம் இட்டவர் யாழ்ப்பாணத்தவராகிய திரு. இ. மயூரநாதன் அவர்கள். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ம் ஆண்டுக்குரிய இயல் விருதை அளித்து அவரைச் சிறப்பித்தது. 2017-ல் தமிழ்க் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின. எழுதியவர்கள் ஊதியம் கருதாத தொண்டர்கள்.

“யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்றால் அதை நம்புவது எங்ஙனம்?” என்று பெரியோர் கேட்பர். நியாயமான கேள்வி. 2005-ம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழ் 42 விஞ்ஞானக் கட்டுரைகளை அறிஞரிடம் கொடுத்துச் சோதித்தது. ஆங்கில விக்கிப்பீடியாவிலே கட்டுரை ஒன்றுக்கு ஏறக்குறைய நான்கு பிழைகளும், புகழ்பெற்ற பிரித்தானிக்காவிலே ஏறக்குறைய மூன்று பிழைகளும் காணப்பட்டதாக அவ்விதழ் எழுதியது. பிரித்தானிக்கா நிறுவனத்தார் அச்சோதனையின் முறையையே மறுத்துரைத்தனர். வழக்கு எப்படியாயினும் ஒன்று தெளிவு: பிழையே இல்லாத களஞ்சியம் எங்கும் இல்லை. அச்சிட்ட நூலின் பிழை அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். இணையக் களஞ்சியத்தின் பிழையை, கண்டவர் அன்றே களையலாம். அதே வாயில் வழியாகப் பிழையும் உள்ளே வரலாம். ஆகவே, அறிந்தவர் வாளாவிருப்பதே பெருங் கேடு.

உயிரியலில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அன்று. ஓர் உதாரணம் சொல்வோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் முதன்மையான நச்சுப் பாம்புகள் என்பது இந்திய வழக்கு. அந்நாட்டிலே செய்யப்படும் நச்சு முறிவு மருந்தும் அந்நான்குக்கு உரியதே. ஆனால் இலங்கையிலே பலரைக் கடிப்பது, மூக்கு நுனி மேல்நோக்கிய குழிவிரியன். அதன் நஞ்சுக்கு அம்மருந்து பயன்படாது. தமிழகத்து அன்பர் ஒருவர் தம் பாடநூலை நம்பி நான்கையே எழுதினால், அவர் எழுதியது அங்கே சரி, இங்கே குறை. அக்குறையை நிரப்பும் கடமை நம்முடையது.

அடுத்தது சொல். இலங்கைப் பாடநூலில் கலம் என்பதைத் தமிழகத்தார் செல் என்பர். நம் இழையம் அவர்க்குத் திசு. நம் ஒளித்தொகுப்பு அவர்க்கு ஒளிச்சேர்க்கை. நம் கூர்ப்பு அவர்க்குப் பரிணாமம். ‘எங்கள் சொல்லே சரி’ என்று ஒருவர் மாற்ற, மற்றவர் திரும்ப மாற்றினால் போர் மூளுமேயன்றி அறிவு வளராது. இதற்கு அங்கே நல்ல வழி உண்டு. கட்டுரையின் முதல் வரியில் இரு பெயரையும் எழுதலாம். எந்தப் பெயரைத் தேடினும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுசெல்லும் வழிமாற்றும் அமைக்கலாம். நம் சந்தையின் அறக்குளாவும் சென்னைச் சந்தையின் வஞ்சிரமும் ஒரே மீன் என்று அறியும் சிறுவன் எதையும் இழப்பதில்லை.

திருத்துவோர்க்கு ஒழுங்குகள் மூன்று. முதலாவது, சான்று காட்டுதல். பட்டம் பெற்றவர் சொன்னாலும் அச்சான நூலோ ஆய்வோ துணைநிற்க வேண்டும். இரண்டாவது, மறைக்காதிருத்தல். எவர், எந்நேரம், எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்திலே பதிவாகிறது. மூன்றாவது, பணிவு. கருத்து மாறுபட்டால் உரையாடற் பக்கத்திலே காரணத்தை எழுதிப் பதிலுக்குக் காத்திருத்தல் வேண்டும்.

இவ்வழி நம் முன்னோர்க்குப் புதிதன்று. 1847-ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் அவர்கள், தமிழ் மாணவரின் துணையோடு மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற ஆறுமுக நாவலர் பெருமான், சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்து நூல்களை அச்சேற்றினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாங்கள் இவ்விருவரையும் ஒருசேர வணங்குகின்றோம். சமயம் வேறாயினும் பிழை களையும் நேர்மை ஒன்றே.

இனி, திருகோணமலையாராகிய நமக்குரிய வேலை. கோணேசர் மலையடியிலே ஆழ்கடல். திமிங்கிலம் உலாவும் நீர். நிலாவெளிக்கு அப்பால், 2003-ம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலையிலே பவளப் பாறைகள். இவற்றின் உயிர்களுக்கெல்லாம் நம் கடற்றொழிலாளர் பெயர் வைத்திருக்கின்றனர். அப்பெயர்களுட் பல முதியோர் நாவிலே மட்டும் வாழ்கின்றன. நாவிலிருப்பதைக் களஞ்சியம் சான்றாக ஏற்பதில்லை, அச்சிலே வரவேண்டும்.

எனவே மன்றத்திடம் ஒரு வேண்டுகோள். இளைஞர் மீன்களைப் படமெடுக்கட்டும். முதியோர் பெயர் சொல்லட்டும். உயிரியல் ஆசிரியர்கள் விஞ்ஞானப் பெயரை ஒப்புநோக்கட்டும். அப்பட்டியலை அடுத்த ஆண்டு மலரிலே, சொன்னவர் சம்மதத்தோடு அச்சிடுவோம். படங்களைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்த விக்கிமீடியா பொதுவகத்திலே சேர்ப்போம். அச்சான பட்டியலைத் தொண்டர் முன் வைத்து, சான்றாக ஏற்கத் தக்கதா என்று அவரே ஆராயும்படி கேட்போம். அவர் குறை கண்டால் நன்றியோடு திருத்துவோம்.

பெரியோர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது பொருளன்று. மாலையிலே ஒரு மணி நேரம் எங்களோடு கடற்கரைக்கு வாருங்கள். பெயர்களைச் சொல்லித் தாருங்கள். எழுதுவது எங்கள் பொறுப்பு.