மலைக்கும் வைத்தியசாலைக்கும் நடுவில்



இங்கே படித்து டொக்டர்களானவர்கள் சார்பில் ஒரு விடயத்தை மட்டும் பேச வந்திருக்கிறோம்.

கொழுந்து மலையில் குளவி கொட்டுவது லிந்துலையில் நமக்குப் புதிதல்ல. சிலருக்கு அந்த நஞ்சு ஒவ்வாமல் தொண்டை வீங்கும், இரத்த அழுத்தம் விழும். உடனே தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். தோட்ட லொறியில் ஏற்றி நுவரெலியா போய்ச் சேரும்வரை உயிர் காத்திருக்காது. வைத்தியசாலையில் நிற்கும் எங்களால் அந்த நிமிடங்களைத் திருப்பித் தர முடியாது. நோயாளியிடம் முதலில் போய்ச் சேருபவர் பராமெடிக்.

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இன்று நாடெங்கும் ஓடுகிறது. அதிலே நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். "நெஞ்சு அடைக்குதும்மா" என்று ஒரு பாட்டி சொன்னால், மொழிபெயர்ப்பாளரைத் தேடாமல் புரிந்துகொள்ளும் பிள்ளை. எந்த லயத்துக்கு எந்தக் குறுக்குப் பாதை என்று அறிந்த பிள்ளை.

இதைச் சாதாரண வேலையாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் பராமெடிக் ஆகப் பட்டப்படிப்புக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் விபத்து, அவசர சிகிச்சைத் துறையில் பட்டம் வழங்குகிறது. இங்கே நமக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் என மருத்துவத்தோடு சேர்ந்த 5 பட்டப்படிப்புகள் உள்ளன. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் நுவரெலியாவும் அடங்கும்.

ஆனால் நாம் காண்பது என்ன? இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து மருத்துவ பீடம் கைநழுவியதும், "எல்லாம் முடிந்தது" என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு அடுத்தபடியாக எதை எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் யாருமில்லை.

சகோதரிகளே, அந்த "யாராவது" நாமாக இருப்போம். உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஒரு நாள் இங்கே கூடி, பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்புவோம். இலண்டனிலும் சென்னையிலும் இருப்பவர்கள், அங்குள்ள படிப்புக்கு என்ன தகுதி, எவ்வளவு செலவு என்று விசாரித்து எழுதுங்கள். உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வாரம் ஒரு மணித்தியாலம் தாருங்கள்.

பிள்ளைகளே, உயிர் காப்பவர் டொக்டர் மட்டுமல்ல. எங்களுக்கு முன்னே மலைக்குப் போய் நிற்கப் போகிறவர்கள் நீங்கள்.