கம்பெனி தந்த சலுகையும் ஜனங்களின் உரிமையும்
(சொற்பொழிவு)



அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள், கறுப்பர், பெண்கள் முதலானோருக்கு உத்தியோகத்தில் வழி திறப்பதாகச் சொல்லி ஏற்படுத்திய திட்டங்களை ஒவ்வொன்றாய்ச் சுருட்டி வைத்து வருகின்றன. அதைக் கண்ட ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலாவது, அத்திட்டங்கள் எவை? நம் நாட்டுச் சர்க்கார் உத்தியோகத்தில் உள்ளதுபோல் வகுப்புக்கு இத்தனை இடம் என்ற ஒதுக்கீடு அல்ல. வேலைக்கு ஆள் தேடும்போது வழக்கமான இடங்களில் மாத்திரம் தேடாமல் மற்ற இடங்களிலும் தேடுவது. உள்ளே வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. மேல் உத்தியோகங்களில் யார் யார் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, இத்தனை வருஷத்தில் இவ்வளவு உயர்த்துவோம் என்று குறி வைப்பது. இவ்வளவுதான்! இதற்கே, "தகுதி போச்சு, திறமை போச்சு" என்ற கூச்சல். இந்தப் பல்லவி நமக்குப் புதிதா? தலைமுறை தலைமுறையாய் ஒரே கூட்டத்தார் மேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் தகுதியை யார் அளந்து பார்த்தது?

2020 மே 25-ந் தேதி மினியாப்பொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர், ஒரு போலீஸ்காரரின் முழங்காலின் கீழ் உயிர் விட்டார். தேசமே கொதித்தது. அதே நகரில் தலைமை அலுவலகம் உள்ள டார்கெட் என்னும் கடைக் கம்பெனி, 2025 முடிவதற்குள் கறுப்பரின் தொழில்களில் 200 கோடி டாலருக்கு மேல் செலவிடுவதாக 2021-ல் வாக்களித்தது. 2025 ஜனவரி 20-ல் டிரம்ப் மறுபடி பதவிக்கு வந்தார். சர்க்கார் ஒப்பந்தக்காரர்கள் வேலையில் சமவாய்ப்புக்கு முயற்சி எடுக்கவேண்டும் என்ற 1965-ம் வருஷத்து உத்தரவை மறுநாளே ரத்து செய்தார். ஜனவரி 24-ல் டார்கெட் தன் குறிகளைக் கைவிட்டது. மற்றக் கம்பெனிகளும் கைவிட்டனவே, இதன்மேல் மட்டும் ஏன் அவ்வளவு ஆத்திரம்? உரக்க வாக்களித்தவன் உரக்கத் திட்டு வாங்குகிறான்.

ஜார்ஜியா மாகாணத்துப் பாதிரியார் ஜமால் பிரையன்ட், மார்ச் மாதம் தவக்காலத்தில் 40 நாள் அக்கடைக்குப் போகாதிருங்கள் என்றார். விரதம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இது தன் வயிற்றைக் காயப்போடும் விரதமல்ல. முதலாளியின் கல்லாப்பெட்டியைக் காயப்போடும் விரதம். இதற்கு நமக்கு ஆட்சேபணையில்லை! மே மாதம் வெளியான மூன்று மாதக் கணக்கில் விற்பனை 2.8 சதவிகிதம் குறைந்திருந்தது. காரணம் பல, ஜனவரி அறிவிப்பால் எழுந்த எதிர்ப்பும் அதில் ஒன்று என்று கம்பெனித் தலைவரே ஒப்புக்கொண்டார். காஸ்ட்கோ கம்பெனியிலோ, இத்திட்டத்துக்கு எதிராக வந்த தீர்மானத்தை ஜனவரி 23-ல் 98 சதவிகிதத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளால் பங்குதாரர்களே தள்ளிவிட்டார்கள்.

ஆனால் சந்தோஷத்தில் மயங்கிவிடக் கூடாது. 2024 ஜூனில் டிராக்டர் சப்ளை என்னும் கம்பெனி, எதிர்த்தரப்பாரின் மிரட்டலுக்குப் பயந்துதானே தன் திட்டத்தைக் கைவிட்டது? ஆகவே பகிஷ்காரம் என்ற கத்தி இரு தரப்பார் கையிலும் இருக்கிறது. எவன் கூச்சல் அதிகமோ அவன் பக்கம் சாய்வதே வியாபாரியின் நீதி. அவன் தயவால் வந்த உத்தியோகம் அவன் பயத்தால் போய்விடும்.

வேலையில் பேதம் காட்டுவதைத் தடுக்கும் 1964-ம் வருஷத்துச் சட்டம் அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்டவனே வழக்காடி, தன்னை வஞ்சித்ததை ருசுப்படுத்த வேண்டும். கூலிக்காரனுக்கும் கம்பெனிக்கும் நடக்கும் வழக்கில் யார் கை ஓங்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. வஞ்சனை நடவாமல் முன்கூட்டியே காவல் வைப்பதல்லவா புத்திசாலித்தனம்? அக்காவலும் முதலாளியின் இஷ்டத்தில் இல்லாமல் சட்டத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே தோழர்களே, கடையைப் பகிஷ்கரித்தவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் அவர்கள் கடை வாசலோடு நின்றுவிடாமல், சட்டசபை வாசலுக்கும் போகவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். கேட்டு வாங்குவது பிச்சை. சட்டத்தில் எழுதி வாங்குவதே உரிமை.