வாசலில் நின்று கூப்பிடுங்கள்!

(‘இணையம் மனிதனுக்குத் தந்தது சுதந்திரமே! கண்காணிப்பே!’ என்ற தலைப்பில் கொல்லிமலை செம்மேட்டில் நடந்த பட்டிமன்றத்தில், ‘கண்காணிப்பே’ என்ற அணியில் பேசியது)



நடுவர் ஐயா, கீழே காரவள்ளியிலிருந்து இங்கே ஏறி வர 70 கொண்டை ஊசி வளைவு. வர்ற வழியில தலை சுத்துச்சுன்னு சொன்னீங்க. எனக்குச் சுத்தலைங்க ஐயா. நான் இந்த மலையிலேயே பொறந்து, இந்த மலையிலேயே டீச்சரா இருக்கறவ. ஆனா எனக்கு முன்னாடி பேசின பேராசிரியர் வாதத்தைக் கேட்டப்பதான் எனக்கே தலை சுத்துச்சு. 70 வளைவைவிட அதிகமா வளைச்சுட்டார். (சிரிப்பு)

அவர் என்ன சொன்னார்? ‘தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? மறைக்க ஒண்ணும் இல்லாதவன் ஏன் கதவைச் சாத்தணும்?’ என்று கேட்டார். நான் திருப்பி ஒண்ணு கேக்கறேன். அந்தக் காலத்துல போஸ்ட் கார்டு இருந்துச்சு, இன்லண்ட் லெட்டரும் இருந்துச்சு. கார்டு விலை குறைவு, இன்லண்ட் விலை கூட. ஆனாலும் புருஷன் வெளியூர்ல இருந்தா நம்ம வீட்டுப் பெண்கள் இன்லண்ட்தான் வாங்கினாங்க. எதுக்குக் கூடக் காசு கொடுத்தாங்க? ஒட்டறதுக்கு! ‘மாமியாருக்கு முட்டி வலி, மாடு கன்னு போட்டிருக்கு, உங்க நினைப்பா இருக்கு.’ இதுல என்ன தப்பு இருக்கு? தபால்காரர் படிச்சா என்ன குத்தம் ஆயிடும்? ஒண்ணும் ஆகாது. ஆனா தபால்காரர் படிப்பார்னு தெரிஞ்சா அந்தக் கடைசி வரியை எழுதியிருக்க மாட்டாங்களே ஐயா! (கைதட்டல்)

இதுதான் என் வாதத்தின் அடிப்படை. அந்தரங்கம் போனால் ரகசியம் மட்டும் போறதில்லை, பேச்சும் போகும். ஒட்டற கடிதம் இல்லாத நாட்டுல மனசு விட்டு எழுதற கையும் இருக்காது.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைச்சு, புலியைத் துளைச்சு, மானைத் துளைச்சு, பன்றியைத் துளைச்சு, கடைசியா புற்றுக்குள்ள இருந்த உடும்பையும் துளைச்சுதுன்னு புறநானூறு சொல்லுது. ஒரே அம்பு, அஞ்சு உயிர். இன்னிக்கு நம்ம கையில இருக்கிற செல்போன்ல ‘அனுமதி’ன்னு ஒரு பொத்தான் வருது. படிக்காம ஒரே ஒரு அமுக்கு! நம்ம போட்டோ போச்சு, போன்ல இருக்கிற அத்தனை பேர் நம்பரும் போச்சு, குறுஞ்செய்தி போச்சு, நாம எங்க நிக்கிறோம்ங்கறது போச்சு, மைக்கும் போச்சு. ஓரிக்காவது குறி பார்க்கத் தெரியும். நமக்கு எங்க பாயுதுன்னே தெரியாது. (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, இதை நான் வேடிக்கைக்குச் சொல்லலை. சில வருஷத்துக்கு முன்னாடி என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணோட போட்டோ. கீழே, ‘இவள் திருடி, இவளை நம்பாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. என்கிட்டப் படிச்ச பொண்ணுங்க ஐயா. அவ பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னா, எனக்கும் அந்தச் செய்தியை அனுப்பினவனுக்கும் வித்தியாசம் இல்லாமப் போயிடும்.

விசாரிச்சேன். மிளகு காசு கைக்கு வர்றதுக்குள்ள பிள்ளைக்கு உடம்புக்கு முடியலை. போன்ல ஒரு கடன் செயலி. அஞ்சு நிமிஷத்துல பணம். கேட்டது 3,000. பிடிச்சது போக வந்தது 1,900. ஏழு நாள் தவணை. எட்டாம் நாள், அவ போன்ல இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் போட்டோ. அப்பனுக்கு, மாமனாருக்கு, மிளகு வியாபாரிக்கு, எனக்கு.

இங்க ஒண்ணைக் கவனிக்கணும். அவ அமுக்கினது அவ போன்ல. ஆனா போனது என் நம்பரும்தானே? என்கிட்ட யார் கேட்டா? அதனாலதான் சொல்றேன், இது ஒருத்தரோட தனிப்பட்ட சமாச்சாரம் இல்லை. ஒரு வீட்டுல விழுந்த ஓட்டை ஊருக்கே ஓட்டை.

அதைவிடப் பெரிய நஷ்டம் இனிமேதான் சொல்லப் போறேன். அந்தப் பொண்ணு கிராம சபையில எழுந்து நின்னு, ‘எங்க ஊருக்கு ரோடு எப்ப?’ன்னு கேக்கற பொண்ணு. அந்தச் செய்திக்குப் பிறகு நாலு கிராம சபை நடந்துச்சு. அவ வரலை. ‘ஏன் கண்ணு வரலை?’ன்னு கேட்டேன். ‘எந்திரிச்சா, திருடி பேசறான்னு சொல்லுவாங்க டீச்சர்’ன்னா. அவ வாயை எந்தப் போலீஸும் மூடலை. எந்தச் சட்டமும் மூடலை. வெறும் 1,900 ரூபாய்க்கு மூடிட்டாங்க ஐயா! (அமைதி)

இது ஒரு மலைப் பெண்ணோட கதை மட்டும் இல்லை. நாடு முழுக்க இதே அவமானத்தால உயிரை விட்டவங்க இருக்காங்க. அதுக்கப்புறம்தான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்களையோ, படங்களையோ, அழைப்புப் பட்டியலையோ தொடவே கூடாது என்று சொன்னது. நல்ல விதி. ஆனா விதிக்குக் கட்டுப்படாத திருட்டுச் செயலி, விதியைப் படிச்சுட்டா வருது?

எதிரணித் தம்பி ஆவேசமா, ‘66ஏ பிரிவை ஒழித்துச் சுதந்திரம் தந்தது இணைய யுகம்’ என்றார். தம்பி, கொஞ்சம் முழுசாச் சொல்லியிருக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அந்தப் பிரிவைக் கொண்டுவந்ததே இணையத்தைக் காட்டித்தான். 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது, மும்பை ஏன் ஸ்தம்பிக்க வேண்டும் என்று ஒரு இளம்பெண் முகநூலில் எழுதினார். இன்னொரு பெண் அதுக்கு ‘லைக்’ போட்டார். ரெண்டு பேரும் கைது! எழுதினவரை விடுங்க, தலையாட்டினவருக்கும் கைதுன்னா, பட்டிமன்றத்துல கை தட்டற நீங்கள்லாம் ஜாமீனுக்கு ஆள் பார்த்து வெச்சுக்கணும். (பலத்த சிரிப்பு)

ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24-ல் அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனா 2021-ல், செத்துப்போன அந்தப் பிரிவில் இன்னும் வழக்குப் போடுகிறார்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ந்து போனது. செத்த பாம்பும் கொத்துது ஐயா! விடுதலை வாங்கித் தந்தது யார்? இணையமா? இல்லை. தைரியமான ஒரு மனுஷி. கைது வாங்கித் தந்ததுதான் இணையம்.

நம்ம நாமக்கல் மாவட்டத்துக்கே வருவோம். எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்த நாவல். நாலு வருஷம் சத்தமில்லை. 2014 கடைசியில் அதிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகல் எடுத்துப் பரப்பினார்கள். போராட்டம், தொலைபேசியில் மிரட்டல். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் சமாதானப் பேச்சு என்ற பெயரில் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அவர், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்துவிட்டுப் பேனாவை மூடினார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம், அவர் மறுபடியும் எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நாவல் பிடிக்காதவர்கள் இங்கேயும் இருக்கலாம். பிடிக்கலைன்னு சொல்ற உரிமை அவங்களுக்கு உண்டு. ஆனா வீட்டுக்குள்ள இருக்கிற மனுஷனைத் தொலைபேசி வழியாத் துரத்தற உரிமை யாருக்கும் இல்லை. பாருங்க, வாயை மூடணும்னு நினைக்கிறவன் முதல்ல உடைக்கிறது வீட்டுக் கதவைத்தான்!

நடுவர் ஐயா கேக்கலாம், ‘அம்மா, அந்தரங்கம்ங்கறது மேல்நாட்டுச் சரக்கு இல்லையா?’ன்னு. இல்லைங்க ஐயா. நம்ம நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அதுக்குப் பத்து மாசம் முன்னாடியே, 1994 அக்டோபரில், நம்ம தமிழ்நாட்டு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வார்த்தை சொன்னது. ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் தடுத்த வழக்கு. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடும் பத்திரிகையை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றில் ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை உண்டு என்றும் சொன்னது. பேச்சுரிமையும் அந்தரங்கமும் ஒரே தீர்ப்பில் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி வந்தது. பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, 86 வயசுல, 2012-ல் வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ‘மறைக்க என்ன இருக்கு?’ன்னு கேக்கிற பேராசிரியரே, அந்த 86 வயசுப் பெரியவருக்கு மறைக்க என்ன இருந்திருக்கும்? (கைதட்டல்)

எங்க ஊர் ஆயா ஒருத்தி ரேஷன் கடையில கட்டைவிரலை வெச்சா மெஷின் ஏத்துக்கலை. மூணு தரம் வெச்சும் பதியலை. களை பிடுங்கி, மிளகு உருவித் தேஞ்ச விரல். ஆயா சொன்னா, ‘சாமி, ரேகை இருந்தாத்தான் நான் ஆளா? ரேகை எங்க போச்சுன்னு இந்த மண்ணைக் கேளு!’ அப்புறம் அட்டையைப் பார்த்து அரிசி கொடுத்தாங்க, அது வேற. எல்லாம் தெரிஞ்ச மெஷினுக்கு ஆயாவைத் தெரியலை. ஆனா ஆயாவோட விவரம் எந்தெந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு ஆயாவுக்கும் தெரியாது.

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, சந்தோஷம். 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. ஆனா தேவைப்பட்டால் அரசு தன் அமைப்புகளுக்கே விலக்குக் கொடுத்துக்கொள்ள அதில் இடம் இருக்கு. ஊருக்கெல்லாம் பூட்டு, காவல்காரனுக்கு மட்டும் சாவி. காவல்காரனை யார் பார்க்கிறது?

நிறைவா ஒண்ணு. நாங்க சின்ன வயசுல இந்த மலையில பூட்டில்லாத வீட்டுல வளர்ந்தோம். ஆனா யாரும் சடாருன்னு உள்ள வர மாட்டாங்க. வாசல்ல நின்னு, ‘வீட்டுல யாருங்க?’ன்னு கூப்பிடுவாங்க. ‘வாங்க’ன்னு சொன்னாத்தான் காலை உள்ள வைப்பாங்க. அந்தரங்கம்னா பூட்டு இல்லைங்க ஐயா. கூப்பிட்டுக் கேக்கற மரியாதை! அந்த மரியாதையை இணையம் இன்னும் கத்துக்கலை.

அந்தப் பொண்ணோட நானும் உக்காந்து 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தோம். ஒவ்வொரு உறவுக்காரர் வீட்டுக்கும் நானே நடந்து போய், ‘கடன்தான் வாங்கினா, திருடலை’ன்னு சொல்லிட்டு வந்தேன். போன கிராம சபைக்கு வந்தா. எழுந்து நிக்கலை, பின்னாடி உக்காந்திருந்தா. வந்ததே எனக்குப் போதும். ஆனா அவ மறுபடி எழுந்து நின்னு ரோடு கேக்கற வரைக்கும், ‘இணையம் தந்தது சுதந்திரமே’ன்னு இந்த மேடையில யாரும் சொல்லக் கூடாது.

ஆகவே, நடுவர் அவர்களே, இணையம் தந்தது கண்காணிப்பே, கண்காணிப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)