பனி ஒரு சூடான பொருள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், உலோகவியல் பிரிவின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் மாற்றப்படவில்லை.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழிற்சாலையும் நானும்'. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரீ-ரோலிங் மில், ஃபர்னஸ் என்று காலத்தை ஓட்டியவன் நான். அந்தக் கதையைக் கேட்க இந்த மே மாத வெயிலில் யாரும் திருவள்ளூரிலிருந்து பஸ் பிடித்து வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, பனியைப் பற்றிப் பேச அனுமதி வாங்கினேன். செயலாளர் ஒரு மாதிரிதான் பார்த்தார். ஆனால் பாருங்க, பனிக்கும் நம்ம மாவட்டத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. கயிலை மலையில் கால் பதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து ஏறிய காரைக்கால் அம்மையார், அதன் பிறகு வந்து சேர்ந்த இடம் நம்ம திருவாலங்காடு. பனிமலையில் காலை எங்கே வைப்பது என்று யோசித்த முதல் ஆள் அந்த அம்மாதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

நான் குல்மார்க் போனது குடும்பச் சுற்றுலாவில். சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பதுக்கு மேல். ஊருக்கு வந்த பிறகும் அதே நினைப்பு. அடுத்த குளிர்காலம் தனியாகப் போய் முறையாகக் கற்றுக்கொண்டேன். அப்புறம் வருஷா வருஷம் பத்து நாள் லீவு. மில்லில் எல்லோரும் சபரிமலைக்கு லீவு போட்டால், நான் காஷ்மீருக்குப் போட்டேன். இன்றைக்கும் நான் சுமாரான ஆள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் குல்மார்க். உயரம் ஏறக்குறைய 2,650 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது நமக்கு உச்சி எதுவோ, அது அவர்களுக்கு அடிவாரப் புல்வெளி. அங்கிருந்து கோண்டோலா என்று கம்பியில் தொங்கும் பெட்டி மேலே போகிறது. நம்ம பழனி ரோப் காருக்குப் பெரியண்ணன். முதல் கட்டம் 1998-ல் வந்தது, கொங்டூரி வரை, 3,000 மீட்டரைத் தாண்டி. இரண்டாம் கட்டம் 2005-ல் வந்தது, அபர்வட் மலையின் தோள் வரை, 3,950 மீட்டருக்குப் பக்கத்தில்.

கீழே குல்மார்க்கிலும் கொங்டூரிப் பக்கமும் பனியை மிஷின் வைத்துச் சமன்செய்த தடங்கள் உண்டு. அதில் போவது நம்ம கொல்கத்தா நெடுஞ்சாலையில் போவது மாதிரி. இரண்டாம் கட்டத்தில் இறங்கினால் கதையே வேறு. அங்கே தடம் கிடையாது. பெட்டி போகும் பாதைக்கு அடியில் இருக்கிற பெரிய கிண்ணம் போன்ற சரிவை மட்டும் ரோந்துக் குழு கவனித்துக்கொள்கிறது. ஆபத்தாகச் சேர்ந்த பனியை வெடிவைத்து முன்கூட்டியே இறக்கி, அப்புறம்தான் ஆட்களை விடும். அந்தக் கயிற்றெல்லைக்கு வெளியே அத்தனையும் இயற்கை போட்டபடி. விலா எலும்பு மாதிரி அடுத்தடுத்து முகடுகள், நடுநடுவே ஆழமான ஓடைகள். கீழே வந்தால் தேவதாருக் காடு. மரங்களுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு பாபா ரேஷி, துருங், தங்மார்க் ஊர்கள் வரைக்கும் போய்விடலாம். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் வருவது இந்தச் சமன்செய்யாத பனிக்காகத்தான். சரிவுகள் பெரும்பாலும் வடகிழக்கு நோக்கி இருப்பதால் வெயில் குறைவு; மாவு மாதிரிப் பனி பல நாள் கெடாமல் இருக்கும்.

மாவு என்று சொன்னேன். நம்ம பாஷையில் அதிகாலை வயலில் இறங்குவதும் பனி, புல்லில் முத்தாக நிற்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. மழைக்கு நம்மிடம் தூறல், சாரல், தூவானம், அடைமழை என்று எத்தனை பெயர்! பனிக்கு ஒரு பெயர் போதும் என்று முன்னோர்கள் விட்டுவிட்டார்கள். மலையில் அந்த ஒரு பெயர் பத்தாது.

இனி நம்ம உலோகவியலுக்கு வருகிறேன். தம்பிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்க.

பனி குளிர்ந்த பொருள் என்று நினைக்கிறோம். மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் பனியைக் கெல்வினில் சொன்னால் 263. அது உருகுவது 273-ல். அதாவது உருகுநிலையில் 96 சதவீத வெப்பத்தில் அது இருக்கிறது. இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸ். அதே 96 சதவீதத்துக்கு இரும்பைக் கொண்டுபோனால் சுமார் 1,470 டிகிரி வரும். நம்ம ரீ-ஹீட்டிங் ஃபர்னஸிலிருந்து செக்கச்செவேலென்று வெளியே வரும் பில்லெட்கூட 1,200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆக, உலோகவியல்காரன் கண்ணில் பனி என்பது உருகும் வாசலில் நிற்கிற, தகதகவென்று சூடான பொருள். சூடான பொருள் சும்மா இருக்காது. துகளோடு துகள் ஒட்டும்; பவுடர் மெட்டலர்ஜியில் சிண்டரிங் என்று படித்தோமே, அதேதான். சின்னத் துகள் கரைந்து பெரிய துகள் வளரும். பாரம் தாங்காமல் மெல்ல நகரும். காலையில் பார்த்த பனி மத்தியானம் வேறு பொருள்.

அங்கே பனி கொட்டுவது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கங்களால். ஒவ்வொரு கலக்கமும் ஓர் அடுக்கைப் போட்டுவிட்டுப் போகும். குழி வெட்டிப் பார்த்தால் கிணற்றுச் சுவரில் மண் அடுக்கு தெரிகிற மாதிரி வரிவரியாகத் தெரியும். இதில் ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். பனி அதிகமாக இருந்தால்தான் ஆபத்து என்று நினைப்போம். ஆரம்பத்தில் குறைவாக விழுந்த பனிதான் பெரிய வில்லன். எப்படி? தரையை ஒட்டிய பனி பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும். மேல்பரப்பு தெளிந்த இரவில் மைனஸ் 12 என்று வையுங்க. பனி 60 சென்டிமீட்டர்தான் என்றால், 10 சென்டிமீட்டருக்கு 2 டிகிரி வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் போனாலே கீழிருந்து ஆவி வேகமாக மேலேறி, துகள்கள் ஒட்டுவதை விட்டுவிட்டு, முனை முனையாக, அஸ்கா சர்க்கரை மாதிரி ஆகிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, உதிரும். அதே பனி 2 மீட்டருக்கு மேல் இருந்தால் வித்தியாசம் பரவிப்போய், துகள்கள் நன்றாக ஒட்டிக்கொள்ளும். சில்லை கலான் என்று காஷ்மீர்க்காரர்கள் சொல்லும் அந்த 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-ல் தொடங்குகிறது. அதன் முதல் பாதியில் பனி குறைவாகவும் இரவு தெளிவாகவும் இருந்தால், அடியில் சர்க்கரை தயார். அதன் மேல் காற்று கொண்டுவந்து அழுத்திய கெட்டிப் பனி பலகை மாதிரி உட்காரும். சரிவு 30-லிருந்து 45 டிகிரிக்குள் இருந்தால் போதும், ஒரு மனிதனின் எடையே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இங்கே மில் கதை ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஒரு நைட் ஷிப்ட். குறடு பிடிக்கிற ஒரு பெரியவர் வந்து, "சார், மூணாவது ஸ்டாண்டுல சத்தம் வேற மாதிரி வருது, நிறுத்திப் பாத்துடலாமா?" என்றார். எனக்கு உற்பத்தி டன்னேஜ் கவலை. "நேத்து ராத்திரி பூரா ஓடுச்சே அண்ணே" என்றேன். அரை மணி நேரத்தில் கம்பி தடம் மாறி, பாம்பு மாதிரி எகிறி வெளியே வந்தது. பெரியவரின் முன்கை வெந்தது. பிழைத்தார், திரும்ப வேலைக்கும் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2019 ஜனவரி. அபர்வட்டில் நாங்கள் நாலு பேர். வழிகாட்டி ஒரு தங்மார்க் பையன், இருபத்தாறு வயது இருக்கும். பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பேர். அப்புறம் நான். முந்தின நாள் கயிற்றெல்லைக்கு வெளியே ஓர் ஓடைச் சரிவில் இறங்கி, வாழ்நாளில் மறக்க முடியாத பனியில் சறுக்கினோம். மறுநாளும் அதே இடம் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம். வானம் நீலமாக இருந்தது. புதுப் பனி ஒரு அங்குலம்கூட விழவில்லை. ஆனால் ராத்திரி காற்று அடித்திருந்தது. முகட்டில் இருந்ததை எல்லாம் வாரி, மறைவான பக்கத்து ஓடையில் கொட்டியிருந்தது. வானத்திலிருந்து விழுவது மட்டும்தான் பனி என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

பையன் ஓரத்தில் குழி வெட்டினான். முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டரில் ஒரு தூண் செதுக்கி, மேலே மண்வாரியின் தகட்டை வைத்து, முதலில் மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, அப்புறம் முழங்கையிலிருந்து பத்து, அப்புறம் தோளிலிருந்து பத்து. இதுதான் சோதனை. பன்னிரண்டாவது தட்டிலேயே மேல் 40 சென்டிமீட்டர் பனி கேக் துண்டு மாதிரி வழுக்கி அவன் மடியில் விழுந்தது. அடியில் அஸ்கா. "இன்னிக்கு வேண்டாம் சார், முகட்டு ஓரமாவே இறங்குவோம்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேத்து போனோமே!"

சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அவன் முகட்டில் முன்னால் போனான். நான் கடைசி ஆள். இடது பக்கம் ஓடையின் வாய் வழவழவென்று கிடந்தது. ஒரே ஒரு வளைவு என்று இருபது மீட்டர் உள்ளே போனேன். முதலில் வந்தது சத்தம்தான். காலி கோடவுனில் பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி ஓர் அமுங்கின 'வும்'. பிறகு என் காலடியிலிருந்து கண்ணாடியில் விரிசல் ஓடுவது போல ஒரு கோடு ஓடிற்று. நான் நின்றிருந்த தரையே கிளம்பிவிட்டது. எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது, முப்பது மீட்டர் என்று பிற்பாடு அவர்கள் சொன்னார்கள். நின்றபோது இடுப்பு வரை உள்ளே. தலை வெளியே. அவ்வளவுதான் அதிர்ஷ்டம். ஓடை இன்னும் ஆழமாக இருந்திருந்தால் தலையும் உள்ளேதான்.

இடுப்பு வரைதானே, எழுந்து வந்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? கால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மாவாக ஓடிவந்த பனி, நின்ற நிமிஷத்தில் கான்கிரீட். இதுவும் சிண்டரிங்தான். உருளும்போது துகள்கள் நொறுங்கிச் சின்னதாகின்றன, உரசலில் கொஞ்சம் சூடேறுகின்றன. உருகுநிலை பக்கத்திலேயே இருப்பதால், நின்றவுடன் கடகடவென்று ஒட்டிக்கொள்கின்றன. வகுப்பில் நான் மார்க் வாங்கிய பாடம் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் மண்வாரியால் வெட்டியும் வெளியே எடுக்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. முழுக்கப் புதைந்தவருக்கு அந்த நேரம் கிடையாது. முதல் 10, 15 நிமிஷம் தாண்டினால் பிழைப்பது வேகமாகக் குறைந்துவிடும்.

விரிசலுக்கு மேலே பாதிப் பனி இன்னும் இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அந்தப் பையன் என்னை வெட்டி எடுத்தான். மற்ற இருவரில் ஒருவனை மாற்றி ஒருவனை ஒதுக்குப்புறமாக நிறுத்தி மேலேயே பார்க்கச் சொன்னான்; தான் மட்டும் மாறவில்லை. சாயங்காலம் அவன் வீட்டில் உப்புத் தேநீர் கொடுத்தார்கள். மூட்டு பிசகின காலைக் கணப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுடைய மகள் தவழ்ந்து வந்து என் ஊன்றுகோலைப் பிடித்து இழுத்தது. அவன் என்னைத் திட்டவில்லை. மில்லில் அந்தப் பெரியவரும் திட்டவில்லை. இரண்டு பேரும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இது விவரம் தெரியாத ஆட்களுக்கு மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். 2010 பிப்ரவரி 8-ம் தேதி கிலன்மார்க்கில், உயர்மலைப் போர்ப் பயிற்சிக்கு வந்த நம் ராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1-ம் தேதி அபர்வட்டின் ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இரண்டு பேர் போனார்கள். 2024-ல் ஜனவரி முழுக்கக் குல்மார்க் கிட்டத்தட்ட வெறும் தரையாகக் கிடந்தது; பத்திரிகைகளில் படம் பார்த்திருப்பீர்கள். பிறகு பிப்ரவரியில் பனி கொட்டியது. 22-ம் தேதி கிலன்மார்க் பக்கம் ரஷ்யர் ஒருவர் சரிவில் சிக்கி இறந்தார்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. மணாலியில் 1969-ல் தொடங்கிய பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், 2020-ல் வேறு ஓர் ஆய்வகத்தோடு இணைந்து டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் சண்டிகரிலிருந்து இயங்குகிறது. பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. மாவட்டவாரியாக எச்சரிக்கை கொடுக்கிறார்கள். ஆனால் மாவட்ட எச்சரிக்கை ஓர் ஓடையைப் பற்றிச் சொல்லாது. நம்ம ரேடியோவில் 'வட கடலோர மாவட்டங்களில் மழை' என்றால் பொன்னேரியில் பெய்யுமா ஊத்துக்கோட்டையில் பெய்யுமா என்று தெரியாது அல்லவா, அது போல. ஓடையைப் பற்றி அங்கே குழி வெட்டுகிறவன்தான் சொல்ல முடியும்.

நம்ம பிள்ளைகள் இப்போது டெல்லி, சண்டிகர் என்று வேலைக்குப் போகிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் குல்மார்க் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் சிக்னல் கொடுக்கும் பீக்கன், மடித்து நீட்டும் தேடுகம்பி, மண்வாரி மூன்றையும் கொண்டுவந்திருக்கிறேன். 2019-ல் என் மார்பில் கட்டியிருந்தது இதே பீக்கன்தான். சாப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்கிறார் செயலாளர். ஒருவர் இதைப் பின்னால் மைதானத்தில் மணல் குவியலில் ஒளித்து வையுங்க. இன்னொருவர் தேடிப் பாருங்க. நான் கடிகாரம் பார்க்கிறேன்.