பதற்றத்தில் உதவும் கைத்துணை



ஆட்டிசம் என்றதும் நம் மனக்கண்முன் ஒரு குழந்தையே தோன்றுகிறது. 1943இல் லியோ கானர் அதனை விவரித்த கட்டுரையும் 11 குழந்தைகளைப் பற்றியதே. அவர்கள் வளர்ந்து பெரியவர்களாவர் என்பதனை உலகம் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம், அரசுப் பணியில் வைத்த 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இவர்களுக்கும் இடமளித்துள்ளது. ஒதுக்கீடு கதவைத் திறக்கும். உள்ளே நிலைத்து நிற்பது வேறொரு போராட்டம் என்பதனை நாம் அறிவோம். இவர்களுள் பலரை நிற்கவிடாமல் செய்வது மனப்பதற்றம்.

பேருந்து தடம் மாறுகிறது. மேலதிகாரி திடீரென அழைக்கிறார். இரைச்சல் செவியைத் தாக்குகிறது. பிறருக்கு இவை சிறு தொல்லைகள். இவர்களுக்கோ அடுத்து என்ன நேருமோ என்னும் நிச்சயமின்மையே பேரச்சமாகிறது. அவ்வேளையில், "உங்கள் பதற்றம் பத்துக்கு எத்தனை?" என்று கைப்பேசி கேட்டால் பயன் யாது? தம் உணர்ச்சி இன்னதென்று பெயரிட்டுக் கூறுவதே இவர்களுள் பலருக்கு அரிது. "நெஞ்சு படபடக்கிறதா? சத்தம் மிகுதியா?" என்று வினவுவதே தகும்.

பிரிட்டனில் 'பிரெயின் இன் ஹேண்ட்' என்றொரு செயலி உள்ளது. இடர் தரும் சூழல்களையும், அப்போது செய்ய வேண்டியவற்றையும் அமைதியான வேளையில் பயனாளரே எழுதி வைக்கிறார். பதற்றம் எழும்போது தம் சொற்களையே மீண்டும் காண்கிறார். சாலை விளக்குப் போல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் குறிகள் உண்டு. சிவப்பைத் தொட்டால் உதவியாளருக்குச் செய்தி செல்லும். சொல் எழாத நேரத்தில் ஒரு விரல் அசைவு போதும்! கருவி மனிதருக்கு மாற்றன்று. மனிதரை அழைத்து வரும் தூதே என்பதனை இது காட்டுகிறது.

இத்தகைய கருவியைச் செய்வோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மின்னி மறையும் படங்களும் எதிர்பாராத மணியோசையும் ஆகா. பழகிய பொத்தானைச் சொல்லாமல் இடம் மாற்றினால், ஆற்ற வந்த கருவியே அச்சமூட்டும். ஒருவர் பதிந்த கவலைகள் அவர் இசைவின்றி மேலதிகாரியின் கைக்குச் செல்லலாகாது.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. வரைபடம் தீட்டும் நாள்முதலே ஆட்டிசம் உடைய பெரியவர்களை அருகமர்த்திக் கேட்டல் வேண்டும். நம்மைக் கேளாமல் நமக்கென்று செய்யப்பட்ட நன்மைகளின் குறையை நம்மினும் அறிந்தவர் யார்? அக்குறையைப் பிறர்க்கு நாம் செய்யாதிருப்போமாக.