இரண்டு சுவிட்ச் உள்ள ஊர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"எலெக்ட்ரிகல்காரன் அரசியல் பேசப் போறானா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. கட்சி அரசியல் பேச மாட்டேன். நம்ம ஊரின் வயரிங்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். நடுவில், 1956 மே 28-இல், இந்தியாவும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் இரண்டாம் பிரிவை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நமது தனி நிர்வாக நிலை தொடரும், அதை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்கிறது அது.

1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் பக்கத்து மாநிலங்களோடு நம்மைச் சேர்ப்பது பற்றிப் பேசினார். அப்போது இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி. கேட்பதற்குச் சட்டப்பேரவையே இல்லை. ஊரே தெருவுக்கு வந்தது. பேச்சு அடங்கியது.

சரி, வயரிங்குக்கு வருகிறேன். மாடிப்படி விளக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று சுவிட்ச் இருக்கும். எதைத் தட்டினாலும் எரியும். 1963-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குப் போட்டுத் தந்ததோ சீரீஸ் இணைப்பு. நாம் ஓட்டுப் போட்டு ஒன்றை ஆன் செய்கிறோம். இன்னொன்று துணைநிலை ஆளுநர் மாளிகையில். இரண்டும் ஆன் ஆனால்தான் பல்பு எரியும். 2019 பிப்ரவரியில் முதல்வர் நாராயணசாமியே, துணைநிலை ஆளுநர் கிரண் பேடியை எதிர்த்து ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிடக் கூடாது என்று அந்த ஏப்ரலில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். 2020 மார்ச்சில் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது.

பேரவையில் நாம் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். மத்திய அரசு 3 பேரை நியமிக்கலாம். அதற்கு மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரி 22-இல் ஆட்சி கவிழ்ந்தபோது எதிர்வரிசையில் இருந்த 14 பேரில் 3 பேர் நியமன உறுப்பினர்கள். அரசுப் பக்கம் 12 பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கட்சிக்கு லாபம் என்பதல்ல என் கவலை. நாளைக்கே தட்டு மறுபக்கம் சாயலாம்.

நம் முதல்வர் தர்ணா இருந்த அதே 2019-இல்தான் ஹாங்காங்கில் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்கும் 1984-இல் இரண்டு நாடுகள் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று இருந்தது. 50 வருடத்துக்கு எதுவும் மாறாது என்றார்கள். 2020-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்ம நிலைமை அதுவல்ல. நாம் பயமில்லாமல் ஓட்டுப் போடுகிறோம், இப்படி மைக் பிடித்துப் பேசவும் செய்கிறோம்.

மாநில அந்தஸ்து கேட்டு நம் பேரவை பல தடவை தீர்மானம் போட்டுவிட்டது, 2023 மார்ச்சிலும்கூட. அந்தஸ்து வந்தால் மத்திய மானியம் குறையும் என்று பயப்படுகிற நண்பர்கள் இங்கேயே உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் இப்போதும் நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும்போது நம் பெயர் அதில் வருவதில்லை. காரைக்கால், மாஹே, ஏனாம் மக்களோ, "புதுச்சேரி மட்டும் எங்களைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யுதா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கும் நாம்தான் பதில் சொல்லணும்.

அடுத்த தேர்தலில் முதல் ஓட்டுப் போடப் போகும் தம்பி தங்கைகளே, வீட்டு வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் இந்த இரண்டாவது சுவிட்சைப் பற்றிக் கேளுங்கள். என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.