காருக்குள் ஒரு கங்காணி

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய விஷயம் காரைப் பற்றியது என்று சொன்னதும் பின்வரிசையில் சில தோழர்கள் சிரித்தார்கள். "சைக்கிளுக்கு டயர் மாற்றவே வழியில்லை, நமக்கென்ன கார் வகுப்பு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காரைச் செய்கிறவன் தொழிலாளி. சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் தொழிலாளி. அமெரிக்காவிலோ, பல ஊர்களில் பஸ் என்பதே பெயருக்குத்தான். கடன்பட்டாவது ஒரு கார் வாங்காவிட்டால் தொழிலாளி வேலைக்கே போய்ச் சேர முடியாது. அந்தக் காருக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது வெளிவரும் கார்களில் என்ஜினோடு கூட ஒரு சிம் கார்டும் இருக்கிறது. நமது செல்போனில் உள்ளதைப் போன்றதுதான். கார் எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது, பிரேக்கை எத்தனை அழுத்தமாக மிதித்தார், பெல்ட் போட்டாரா இல்லையா, எல்லாம் அதன் வழியாகக் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது. இதிலே நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விபத்து நடந்தால் தானாகவே உதவிக்கு ஆள் கூப்பிடும் கருவி ஐரோப்பாவில் 2018 முதல் புதிய மாடல் கார்களில் கட்டாயம். உயிர் காக்கும் கருவி அது. கருவியோடு நமக்குச் சண்டையில்லை. மில்லில் புதிய மிஷின் வந்தால் நாம் கேட்கிறோமே, இதன் பலன் யாருக்கு, இதன் சாவி யார் கையில் என்று, அந்தக் கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறோம்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பிரம்மாண்டமான கம்பெனியின் கதையைப் பாருங்கள். "நன்றாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறோம், மதிப்பெண் போடுகிறோம்" என்று சொல்லி 'ஸ்மார்ட் டிரைவர்' என்று ஒரு திட்டம் வைத்தது. கார் விற்கும் கடையிலேயே இதில் பலரைச் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்திருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. 2024 மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை (முதலாளிகளின் பத்திரிகைதான், ஆனாலும் இந்தச் செய்தியை வெளியிட்டது) விஷயத்தை உடைத்தது. திரட்டிய விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற இரண்டு கம்பெனிகளுக்குப் போயின. அங்கிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போயின. ஒரு கார்க்காரருக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் 21 சதவீதம் ஏறியது. காரணம் கேட்டு, லெக்சிஸ்நெக்சிஸ் வைத்திருந்த தன்னுடைய கணக்கை எழுதி வாங்கினார். 258 பக்கம்! ஆறு மாதத்தில் அவரும் அவர் மனைவியும் போன 640 பயணங்கள். எப்போது கிளம்பினார்கள், எப்போது நின்றார்கள், எத்தனை தடவை திடீர் பிரேக் போட்டார்கள் என்று வரிவரியாக இருந்தது. காருக்குப் பணம் கொடுத்தவர் அவர். அவரையே வேவு பார்த்து அந்தத் தாளை விற்றவன் கம்பெனிக்காரன்.

இதிலே எவையெவை குற்றமாக எழுதப்பட்டன தெரியுமா? திடீர் பிரேக் ஒன்று. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தது, அதைக் காப்பாற்ற பிரேக்கை மிதித்தான் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. மிதித்தான், எழுது, அவ்வளவுதான். இன்னொன்று, நள்ளிரவில் கார் ஓட்டுவது. தோழர்களே, நள்ளிரவில் ரோட்டில் போகிறவன் யார்? முதலாளி அந்த நேரத்தில் தூங்குகிறான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவனும், ஆஸ்பத்திரி நர்சும், கூட்டிப் பெருக்கும் தொழிலாளியும்தான் போகிறார்கள். ராத்திரி வேலை செய்ய வைப்பதும் அவர்களே. ராத்திரியில் போனாய் என்று ஆபத்தானவர் பட்டியலில் எழுதுவதும் அவர்களே.

செய்தி வந்த பிறகு அந்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ் வியாபாரத்தை நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநில சர்க்கார் வழக்குப் போட்டது: தன் மாநிலத்தில் மட்டும் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரம் விற்கப்பட்டது என்று. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தகக் கமிஷன், சில கார்களில் மூன்று விநாடிக்கு ஒரு முறை இடத்தைப் பதிந்தார்கள் என்று சொல்லி, இத்தகைய விற்பனைக்கு ஐந்து வருஷத் தடை அறிவித்தது. அபராதம்? அந்த உத்தரவில் ஒரு சென்ட் கூட இல்லை!

என்ன விலைக்கு விற்றார்கள் என்று கேட்டால் வயிறு எரியும். 2024 ஜூலையில் இரண்டு அமெரிக்க செனட்டர்கள் வெளியிட்ட கணக்கு இது: ஹூண்டாய் 17 லட்சம் கார்களின் விவரத்தைக் கொடுத்து வாங்கியது காருக்கு 61 சென்ட். ஹோண்டா வாங்கியது காருக்கு 26 சென்ட். நம் காசில் ஐம்பது ரூபாய், இருபது ரூபாய் சொச்சம். அதற்காக ஒரு மனிதனின் போக்குவரத்து முழுவதும் விற்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறதே, அதே ஹூண்டாய்தான்.

ஜெனரல் மோட்டார்சுக்கு ஒற்று வேலை புதிதல்ல. 1930-களில் தன் தொழிலாளர்களை வேவு பார்க்க பிங்கர்ட்டன் முதலான துப்பறியும் கம்பெனிகளுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் கொட்டியது என்று செனட்டின் லாபோலெட் கமிட்டி அம்பலப்படுத்தியது. பிளின்ட் நகரில் சங்கக் கமிட்டிக்குள்ளேயே ஒற்றர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் 1936 டிசம்பர் 30 முதல் 44 நாள் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, சங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அன்று ஒற்றனுக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. இன்று அந்த ஒற்றனையும் காரோடு சேர்த்து நம்மிடமே விலைக்கு விற்கிறது.

மற்ற கம்பெனிகள் யோக்கியமா? மொசில்லா என்ற அமைப்பு 2023-ல் 25 கார் கம்பெனிகளின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தது. இருபத்தைந்தும் தோற்றன. டெஸ்லா கார்களின் கேமராவில் பதிந்த அந்தரங்கப் படங்களை 2019 முதல் 2022 வரை அந்தக் கம்பெனி ஆட்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள் என்று ராய்ட்டர் எழுதியது. 2024 டிசம்பரில், வோக்ஸ்வாகன் குழுமத்தின் 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரம் மாதக்கணக்கில் பூட்டில்லாத வீடு போலக் கிடந்தது தெரியவந்தது. "எங்களை நம்புங்கள்" என்பதுதான் இத்தனை பேருக்கும் விளம்பர வாசகம்.

ஏழைக்கு இன்னும் கொடுமை. கடனில் கார் வாங்கிய அமெரிக்க ஏழைகளின் சுமார் 20 லட்சம் வண்டிகளில், தவணை தவறினால் எங்கிருந்தோ பொத்தானை அமுக்கி வண்டியைக் கிளம்பவிடாமல் செய்யும் கருவி இருந்ததாக 2014-ல் செய்தி வந்தது. தவணை தவறினால் ஏர்கண்டிஷனை நிறுத்துவது, கதவைப் பூட்டுவது, கார் தானாகவே ஓடிப்போய்க் கடன்காரனிடம் நிற்பது, இதற்கெல்லாம் போர்டு கம்பெனி காப்புரிமை கேட்ட மனு 2023 பிப்ரவரியில் வெளியாயிற்று. உபயோகிக்கும் உத்தேசம் இல்லை என்றார்கள். உத்தேசமில்லாதவன் எதற்கு மனுப் போடுகிறான்? டிராக்டரிலும் இது வந்துவிட்டது. 2022-ல் உக்ரைனில் ஒரு கடையிலிருந்து கொள்ளை போன ஜான் டீர் இயந்திரங்களை எங்கிருந்தோ செயலிழக்கச் செய்தார்கள். திருடனை நிறுத்தியது சரி. ஆனால் அந்தச் சாவி உழுகிறவன் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் கதி என்ன? அமேசான் சாமான் வண்டிகளில் 2021-ல் டிரைவர் முகத்துக்கு நேரே கேமரா வந்தது. சம்மதக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேலை இல்லை. இதற்குப் பெயர் சம்மதமாம்!

நமது நாட்டில் 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதன்பின் வந்த 2023-ம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாவது பிரிவு என்ன சொல்கிறது? வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும், தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே விவரங்களை உபயோகிக்கலாம் என்கிறது. மிராசுதாரின் காரியக்காரருக்குச் சட்டமே எழுதிக் கொடுத்த சீட்டு இது. ஜெர்மனியிலோ 1972-ம் வருஷச் சட்டப்படி, தொழிலாளியின் நடத்தையைக் கண்காணிக்கும் எந்தக் கருவியையும் தொழிலாளர் குழுவின் சம்மதமின்றி நிர்வாகம் மாட்ட முடியாது. அதுவும் முதலாளித்துவ நாடுதான். அங்கே நடக்கிறது, இங்கே ஏன் முடியாது?

ஆகவே அடுத்த ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்: கருவி மாட்டுமுன் சங்கத்தோடு பேசு, பதிந்ததன் நகலை டிரைவருக்குக் கொடு, அதை மட்டும் காட்டி வேலைநீக்கம் செய்யாதே. மில் வேன் ஓட்டும் தோழர்களும், அறுவடை மிஷின் ஓட்டும் தோழர்களும், தங்களிடம் கையெழுத்து வாங்கிய தாள் எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். இங்கிலீஷில் இருந்தால் பரவாயில்லை, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.